கேப்டன் கரை ஏறினாளா?

ஜனவரி 9, வெள்ளி

ஐந்தாம் சீசன் மறுபடியும் முடிந்தது. "பதினோராம் துறைமுகம்" தொடரை நானும் அண்ணனும் எத்தனையாவது தடவை பார்க்கிறோம் என்று அண்ணியிடம் கேட்டால் கரண்டியைத் தூக்குவாள்.

பார்க்கும் முறை எப்போதும் ஒன்றுதான். அவன் வீட்டில் அவன், என் வீட்டில் நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் போன் செய்வான். "ரெடியா?" "ரெடி." மூன்று எண்ணி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரிமோட்டை அமுக்குவோம். போன் ஸ்பீக்கரில் மேசை மேல் கிடக்கும். நடுவில் அவன் "ஐயோ, கதவைத் திறக்காதடி" என்று கேப்டனைப் பார்த்துக் கத்துவான். முடிந்ததும் அந்த எபிசோடைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். பிறகு "சரி, வைக்கிறேன்." வைத்துவிடுவான்.

அந்தக் கப்பல் தொடரைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது. எனக்குக் காய்ச்சல் என்றால்கூட அண்ணி வழியாகத்தான் விசாரிப்பு வரும். அம்மா போன நாளிலிருந்து இப்படித்தான்.

ஜனவரி 12, திங்கள்

வேலையில் தகராறு. எங்களுடையது பல் கட்டும் லேப். டாக்டர்கள் அச்சு அனுப்புவார்கள், நான் பீங்கானில் பல் செய்து நிறம் சேர்ப்பேன். இன்று பல் வைத்துக்கொள்ளப் போகிறவர் ஒருவர் நேரிலேயே வந்து, முன்பல் நான்கும் "நல்லா பளிச்சுன்னு" வேண்டும் என்றார். மற்ற பற்கள் டீ குடித்து டீ குடித்து மஞ்சளாகிக் கிடக்கின்றன. "வெச்சா கழிப்பறை ஓடு மாதிரி தெரியும்" என்றேன். மனிதர் முகம் சுண்டிப் போய்விட்டது. முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்றார். சும்மா இருந்து செய்து கொடுத்தால், மனிதர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டு வருவார். மறுபடியும் நான்தான் செய்யவேண்டும்.

இந்த வருஷம் வரப்போகிற படங்கள், டி.வி. நிகழ்ச்சிகள்: ரோபோ படத்தின் நான்காம் பாகம். மூன்றாவதிலேயே கதை தீர்ந்துவிட்டது, இனி போல்ட்டு நட்டைக் கழற்றிக் காட்டவேண்டியதுதான். மோப்பம் போய்விட்ட துப்பறிவாளர் தொடர் படமாகிறது, டீசர் நன்றாக இருக்கிறது. டி.வி. கேக் போட்டியில் புது நடுவர் வருகிறாராம். பழையவர் போனதே போதும், பண்டிகை மாதிரி கொண்டாடலாம். ஏப்ரலில் எங்கள் கப்பல் தொடரின் படம். அதோடு கதை முடிகிறது.

ஒன்பது சீசன். ஒரு சரக்குக் கப்பல், எந்தத் துறைமுகமும் சேர்த்துக்கொள்ளாத கப்பல். பத்து இடத்தில் விரட்டியாகிவிட்டது. கேப்டன் தன் மகளைக் கரையில் விட்டுவிட்டு வந்தவள், இன்றுவரை கால் தரையில் படவில்லை. கடைசியிலாவது இறங்குவாளா என்று உலகத்தில் பாதிப் பேர் மண்டை காய்ந்து கிடக்கிறார்கள். அந்தப் பாதியில் நானும் அண்ணனும் சேர்த்தி.

ஜனவரி 21, புதன்

என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்! ரசிகர் குழுவில் இத்தனை வருஷம் கத்தியதற்குப் பலன். படம் வெளிவருமுன் சிலருக்கு மட்டும் போட்டுக்காட்டி அபிப்பிராயம் கேட்பார்களாம். ஒரே ஒரு சீட்டு. போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெளியே மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வேறு.

அண்ணனிடம் சொல்வதா? அவன் டிரெய்லர்கூடப் பார்க்காத ஜாதி. தியேட்டரில் டிரெய்லர் ஓடினால் கண்ணை மூடி, காதில் விரலை விட்டுக்கொண்டு ராகம் இழுப்பான். பக்கத்தில் இருப்பவர்கள் முறைப்பார்கள், எனக்குத்தான் மானம் போகும்.

ஜனவரி 25, ஞாயிறு

பார்த்துவிட்டேன்.

இறங்கிவிட்டாள். பதினோராவது துறைமுகம் அவள் ஊரேதான். மகள் படித்துறையில் நிற்கிறாள். கேப்டன் பூட்ஸைக் கழற்றிப் படகிலேயே வைத்துவிட்டு, வெறும் காலோடு ஈரப் படியில் ஏறுகிறாள். மகள், "சாப்டியாம்மா?" என்று மட்டும் கேட்கிறாள். படம் முடிந்தது.

சுற்றி எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஒன்பது சீசனாக விரட்டப்பட்டவள், கடைசியில் இப்படி வீட்டுக்குள் போகிற மாதிரி போய்விடுவாளா? காதில் பூச் சுற்றுகிறார்கள். அபிப்பிராயத் தாளில் முடிவு எப்படி என்று கேட்ட இடத்தில், "பொய்யாக இருக்கிறது. இவளுக்கு இது நடக்காது" என்று பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிய பெண் படித்துப் பார்த்து, "இன்னிக்கு நிறைய பேர் இப்படித்தான் எழுதியிருக்காங்க" என்றாள்.

ஜனவரி 30, வெள்ளி

அண்ணனிடம் மறைக்க வரவில்லை. "நான் படத்தப் பாத்துட்டேன், சீட்டு கெடச்சுது" என்றேன். அந்தப் பக்கம் டி.வி. சத்தத்தைக் குறைத்தான். பிறகு: "வாயத் தொறந்தேன்னா இனிமே வெள்ளிக்கிழமையும் கெடையாது."

"நான் ஏன் சொல்றேன்?"

"நீ சொல்லிடுவே. உனக்கு உள்ள நிக்காது."

அது கப்பலைப் பற்றி மட்டும் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

எழுதித்தான் வைக்கிறேனே. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எல்லோரும் சிரித்த முகத்தோடு உள்ளே போய், வெளியே வந்து அழுதார்கள். அம்மாவிடம் எதையும் சொல்லக்கூடாது என்று அண்ணன் உத்தரவு. ஒருநாள் நான் மட்டும் இருந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னடி? நீயாவது சொல்லு" என்றாள். சொன்னேன். டாக்டர் சொன்னதை, அப்படியே.

அதற்கப்புறம் அம்மா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள், சீக்கிரமே போய்விட்டாள். "நீ சொன்ன அன்னிக்கே அவ போயிட்டா" என்பது அண்ணனுடைய கட்சி. அந்தக் கொஞ்ச நாளில்தான் அம்மா, பேச்சு விட்டுப்போன தன் தங்கையைக் கூப்பிட்டுப் பேசினாள், நகையைப் பிரித்துக் கொடுத்தாள், என்னிடம் என் தலைமுடியைப் பற்றிக் குறை சொன்னாள். இது என்னுடைய கட்சி. இரண்டு கட்சிக்கும் பேச்சுவார்த்தை நடந்ததே இல்லை. இன்னொரு தடவை கேட்டாலும் நான் சொல்லத்தான் செய்வேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். அண்ணி எடுத்தாள். லிஃப்ட் ரிப்பேருக்குப் போன கட்டிடத்தில் அண்ணன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டானாம். லிஃப்ட் மெக்கானிக், ஒன்பது மாடி படியில் இறங்கியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இதயத்தில் வால்வு கெட்டுப்போய்விட்டது.

பிப்ரவரி 22, ஞாயிறு

மார்பைத் திறந்து வால்வை மாற்றவேண்டும் என்று முடிவாகிவிட்டது. டாக்டர் நம்பிக்கையாகத்தான் பேசினார். ஆனால் அண்ணனுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது, ரத்தம் சரியாக உறைவதில்லை. அதைச் சொல்லும்போது டாக்டர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். அண்ணி பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

நாளை ஆபரேஷன். சாயங்காலம் போனேன். அண்ணியை டீ குடிக்க அனுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னான். தாடியை மழித்திருந்தார்கள். முகம் சின்னதாகிவிட்டது.

"கரை ஏறுறாளா?" என்றான்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவேயில்லை.

"கேப்டன். எறங்குறாளா, இல்லியா?"

"என்னண்ணா இது. ஏப்ரல்ல நீயே பாத்துக்க."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. ஏப்ரல்ல பாக்கலாம், அடுத்த மாசம் போகலாம், ஒண்ணும் ஆகாது. டாக்டரு, உங்க அண்ணி, தரை தொடைக்கிற அம்மா வரைக்கும். நீதான் பொய் சொல்ல மாட்டே. அதுக்காகத்தான் உன்னக் கேக்குறேன்."

மூன்று வருஷத்தில் கப்பலை ஒட்டாமல் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அதுவும் முழுக்க ஒட்டாமல் இல்லை.

சொன்னேன். "ஏறிடுறா."

"நிஜமா?"

"நிஜமா. அவ ஊருதான் பதினோராவது." பூட்ஸைக் கழற்றுவதைச் சொன்னேன், ஈரப் படியைச் சொன்னேன். மகள் கேட்பதையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "வெறுங்காலோடயா?" என்றான். "ஆமா." "அப்ப சரி" என்றான். கண்ணோரத்தில் தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது, துடைக்கவில்லை.

முடிவு எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அவன் அதைக் கேட்கவில்லை.

மார்ச் 4, புதன்

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அண்ணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நேரா சொல்றேன், பயமா இருக்கு. அவன் பேசாம இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தான்ல.

மாலை: முடிந்தது. உயிரோடு இருக்கிறான்.

மார்ச் 17, செவ்வாய்

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். முதல் காரியமாக என்னிடம் சண்டை. "பெரிய படம், ஒம்பது சீசன் காத்திருந்தேன், எல்லாத்தையும் சொல்லித் தொலைச்சிட்டியே!"

"நீதான கேட்ட!"

"சாகப்போறவன் கேப்பான். நீ சொல்லிடுறதா?"

அண்ணி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த துண்டு விழுந்துவிட்டது. நானும் சிரித்தேன். அவனுக்குச் சிரித்தால் தையல் வலிக்கும், அதனால் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திட்டினான்.

ஏப்ரல் 2, வியாழன்

கப்பல் படம் தள்ளிப் போய்விட்டது. ஜூலையாம். "சில காட்சிகள் மீண்டும் படமாக்கப்படுகின்றன." புயல் காட்சியாகத்தான் இருக்கும், தொட்டியில் பொம்மைக் கப்பலை ஆட்டுகிற மாதிரி இருந்தது. ரசிகர் குழுவில் ஒரே ஒப்பாரி.

மே 15, வெள்ளி

மோப்பம் இல்லாத துப்பறிவாளர் படம் சப்பென்று போய்விட்டது. தொடரில் அவர் நின்று யோசிப்பார், படத்தில் ஓடுகிறார். அண்ணனும் ஒத்துக்கொண்டான். "சரி, வைக்கிறேன்." பழையபடிதான்.

ஜூலை 10, வெள்ளி

கப்பல் படம் வந்துவிட்டது.

முதல் காட்சிக்குப் போனோம். அண்ணன், அண்ணி, நான். அவனுக்கு முடிவு தெரியும் என்பதால் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்திருந்தான். புயலுக்கு முன்பு வரை நான் பார்த்த படமேதான். பிறகு வேறு. கரை தெரிகிறது, ஊர் விளக்குகள் தெரிகின்றன, ஆட்களை எல்லாம் படகில் இறக்கிவிடுகிறாள். இவள் இறங்கவில்லை. கப்பலில் நிற்கிறாள். மகள் படித்துறையில் நின்றபடி இருட்டைப் பார்க்கிறாள். அவ்வளவுதான்.

மாற்றிவிட்டார்கள். நான் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து வைத்துக்கொண்டு மாற்றிவிட்டார்கள். இதுதான் நல்ல முடிவு. பார்க்கவே முடியவில்லை.

இருட்டில் அண்ணன் என் கையைப் பிடித்தான். விளக்கு போட்ட பிறகும் விடவில்லை. வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில், அண்ணி முன்னால் போனதும் சொன்னான்:

"எறங்கல பாத்தியா."

"அண்ணா, அது வந்து..."

"பேசாத. அன்னிக்கு நீ பாத்தது இதத்தான. எனக்காகப் பொய் சொல்லியிருக்கே. நீ! பூட்ஸு, ஈரப் படி, சாப்டியாம்மா... எங்கேர்ந்துதான் வந்துச்சோ உனக்கு. நான் உள்ள போறப்ப அதத்தான் நெனச்சுக்கிட்டுப் போனேன். வெறுங்கால."

நான் வாயைத் திறந்தேன். அவன் நிறுத்தவில்லை.

"அம்மாகிட்ட சொன்னப்பவும் உனக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும். வாய் கூசாம சொல்லிட்டியேன்னு நெனச்சேன். உனக்கு நெஞ்சே இல்லன்னு நெனச்சேன். தப்பு. அவ கேட்டா, நீ சொன்ன. நான் கேட்டேன், எனக்கு வேற சொன்ன. யாருக்கு எது தாங்கும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு."

எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டு பேரிடமும் நடந்ததைத்தான் சொன்னேன். முடிவை மாத்திட்டாங்கண்ணா — ஒரே வரி. நாக்கு நுனியில் நின்றது. முகத்தைப் பார்த்தேன். மூன்று வருஷமாகப் பார்க்காத முகம்.

"வா, அண்ணி காத்திருக்கா" என்றேன்.

ஜூலை 12, ஞாயிறு

காலையில் போன். ஞாயிற்றுக்கிழமை! "என்ன பண்றே?" என்றான். துணி துவைக்கிறேன் என்றேன். அதைப் பற்றியே பேசினோம். துணி எந்த சோப்பில் வெளுக்கும் என்று.

ஜூலை 29, புதன்

லேப்புக்கே வந்துவிட்டான். முதலாளியிடம் "எந் தங்கச்சி" என்று கை கொடுத்தான். நிற அட்டையைப் பார்த்து தன் பல் எந்த நிறம் என்று கேட்டான். அட்டையிலேயே இல்லாத நிறம் என்றேன். மெழுகு வேலை செய்கிற பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சந்தோஷமாக இருக்கிறேன். இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிற மாதிரியும் இருக்கிறது. உடையவர் எப்போது வந்து கழற்றச் சொல்வாரோ.

ஆகஸ்ட் 14, வெள்ளி

கெட்டது. கப்பல் படத்தின் டிஸ்க் அறிவிப்பு வந்திருக்கிறது. செப்டம்பரில். "வெளிவராத காட்சிகளுடன், முன்னோட்டத்துக்குப் பிறகு மாற்றப்பட்ட முடிவும் முழுமையாக." கூடவே ஒரு போட்டோ: ஈரப் படியில் வெறுங்கால்.

அண்ணன் அறிவிப்பைப் படிக்கமாட்டான், போட்டோவையும் பார்க்கமாட்டான். ஆனால் டிஸ்க்கை வாங்குவான். வீட்டில் ஒன்பது சீசனும் வரிசையாக இருக்கிறதே, பத்தாவதை விடுவானா?

ஆகஸ்ட் 16, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். போகும் வழியெல்லாம் ஒத்திகை. என்ன பெரிய விஷயம்? நான் பொய் சொல்லவில்லை அண்ணா, அவ்வளவுதானே. உலகத்திலேயே இந்த மன்னிப்பைக் கேட்கப் போகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போனால், அலமாரியிலிருந்து அம்மா போட்டோவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் நான் போகும்போதெல்லாம் அதைத் திருப்பி வைத்திருப்பான். இன்று என்னிடம் நீட்டி, "இந்த போட்டோல உன்ன மாதிரியே மொறைக்கிறா பாரு" என்றான்.

சொல்லவில்லை. இரண்டு கோப்பை டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். பொய் சொல்லாதவள் என்று இனி என்னை நானே சொல்லிக்கொள்ள முடியாது.

செப்டம்பர் 9, புதன்

டிஸ்க் இன்று கடைக்கு வந்தது. நானும் ஒன்று வாங்கினேன். பிரிக்கவில்லை.

செப்டம்பர் 11, வெள்ளி

போன் வரவில்லை.

செப்டம்பர் 14, திங்கள்

வரவில்லை. இன்று ஒரு பல்லை மூன்று தடவை கெடுத்தேன். முதலாளி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் திட்டாமல் போனால் என் முகம் அவ்வளவு மோசமாக இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

நானாகக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது?

செப்டம்பர் 17, வியாழன்

அண்ணி கூப்பிட்டாள். "உங்க அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. அந்தக் கப்பல் டிஸ்க்கு வந்துச்சுல்ல, கடைசில தனியா ஒரு துண்டு இருக்கு, அந்தப் பொண்ணு செருப்பில்லாம படியேறுது. அதப் போட்டாரு. முடிஞ்சதும் மறுபடி போட்டாரு. அப்புறம் ஒரு வாரமா யார்கிட்டயும் பேச்சே இல்ல. நேத்து வேலைக்கும் போகாம அம்மா போட்டோ முன்னாடி ஒக்காந்திருக்காரு. நீ ஏதாச்சும் சொன்னியா?"

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணி" என்றேன். அதுதான் குற்றமே.

தெரிந்துவிட்டது. முடிந்தது. இனி வெள்ளிக்கிழமையும் இல்லை.

செப்டம்பர் 18, வெள்ளி

சாயங்காலம் போன். எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தேன்.

"சாப்டியா?" என்றான். இதுவரை கேட்டதில்லை.

"இன்னும் இல்ல."

"டிஸ்க்கு வாங்கினேன். அதுல கூடுதலா அது இதுன்னு என்னென்னவோ குடுத்திருக்கான். நான் அதெல்லாம் பாக்கல."

நான் எதையும் கேட்கவேயில்லை. அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லும்போது குரல் தானாக மேலே ஏறிவிடும், அம்மா அதை வைத்துத்தான் சின்ன வயதில் அவனைப் பிடிப்பாள். இப்போதும் ஏறியது.

"தியேட்டர்ல பாத்ததே போதும் எனக்கு" என்றான், இன்னும் கொஞ்சம் மேலே.

"சரிண்ணா" என்றேன். "நானும் பாக்கல."

பிறகு அம்மா கடைசியாகத் தன் தங்கையிடம் போனில் என்ன பேசினாள் என்று கேட்டான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எனக்கு ஞாபகம் இருந்தவரை, அப்படியே சொன்னேன்.